வாத்து கத்துவதற்கென்று ஒரு பட்டன்

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்கிறேன். கனமான கதை, சினிமாவுக்கு நிகரான காட்சிகள், கண்கலங்க வைக்கும் முடிவு உள்ள வீடியோ கேம்களைக் கலை என்று யாராவது சொன்னால் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்கிறீர்கள். ஆனால் ஒட்டும் பந்து ஒன்றை உருட்டிக்கொண்டே போய்ப் பென்சில், பூனை, மனிதர், கட்டடம் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் வாரிச் சுருட்டும் ‘கடமாரி டமாசி’யையும், ஊர்க்காரர்களை வம்புக்கு இழுப்பதையே வேலையாக வைத்திருக்கும் வாத்து கேமையும் அதே வரிசையில் உட்காரவைப்பது கொஞ்சம் அதிகமில்லையா என்பது உங்கள் சந்தேகம். நண்பர்களோ, “ஜாலியா இருக்கு, ஆடறோம். அதுக்கு எதுக்குக் கலைன்னு பட்டம்?” என்று கேட்டிருக்கிறார்கள். ஆக, வீடியோ கேம் கலையா என்ற கேள்வியை நீங்களே பாதி கடந்துவிட்டீர்கள். உங்களை உறுத்துவது வேறு. சிரிப்பு மூட்டுகிற, கிறுக்குத்தனமான ஒன்று கலையாக இருக்க முடியுமா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நண்பர்களின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

கேம் டிசைனராக 14 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் போனில் ஆடும் சின்ன கேம்கள், கன்சோலுக்கு இரண்டே இரண்டு. அவற்றில் பாதி, சிரிக்க வைப்பதற்கென்றே செய்தவை. தத்துவமோ அழகியலோ முறையாகப் படித்தவன் இல்லை, ஆர்வத்தில் வாசித்ததுதான். ஆகவே ‘கலை என்றால் இன்னது’ என்று இலக்கணம் வகுத்துவிட்டுப் பேச எனக்கு வராது. ஒருவர் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஒன்று நடப்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். தொழில்பாசம் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

‘கலை’ என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். ஒன்று வகையின் பெயர், இன்னொன்று பாராட்டு. ஒரு தாளைக் காட்டி “இது கவிதை, அது கட்டுரை” என்றால் வகை சொல்கிறோம். நன்றாக எழுதப்பட்ட ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு “கவிதைய்யா!” என்றால் பாராட்டுகிறோம். படு மோசமான கவிதையும் வகையால் கவிதைதான், அதற்குத் தகுதித் தேர்வு கிடையாது. நீங்கள் ‘தகுதி உண்டா’ என்று கேட்கும்போது பாராட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வகையைப் பற்றிய கேள்வி என்றால் ஒரே வரியில் முடிந்துவிடும். ஒருவர் உட்கார்ந்து யோசித்து, வடிவம் கொடுத்து, இன்னொருவர் மனதிலும் உடம்பிலும் குறிப்பிட்ட ஓர் அனுபவம் நிகழவேண்டும் என்று செய்தது எதுவோ அதைக் கலை என்ற வகையில் போடத் தயங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பாராட்டு அப்படி இல்லை. ஒவ்வொரு கேமாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ராஜர் ஈபர்ட் பெயர் வந்துவிடும். புகழ்பெற்ற அமெரிக்க சினிமா விமர்சகர். வீடியோ கேம் ஒருபோதும் கலையாகாது என்று 2010 ஏப்ரலில் எழுதினார். கேமில் விதி உண்டு, புள்ளி உண்டு, இலக்கு உண்டு, ஜெயிக்க முடியும். கலையை யாரும் ஜெயிப்பதில்லை, அனுபவிக்கிறார்கள். இதுதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு. எதிர்ப்பு குவிந்தது. அதே ஆண்டு ஜூலையில், கேம்களை ஆடிப் பார்க்காமல் அந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார், கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரைத் திட்டுகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் வாதம் உறுதியானதுதான். ஆனால் அது யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். கதையும் கண்ணீருமாக இருக்கும் பெரிய கேம்களில்தான் துப்பாக்கியும் புள்ளியும் லெவலும் ஜெயிப்பும் மண்டிக் கிடக்கின்றன. கடமாரியை உருவாக்கிய கெய்டா டகாஹாஷி 2009-இல் ‘நோபி நோபி பாய்’ என்று ஒன்று செய்தார். புழு மாதிரி ஒரு பையன். அவன் உடம்பை இழுத்து நீட்டலாம், சுருக்கலாம், அது எதையாவது விழுங்கலாம், துப்பலாம். ஜெயிப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் நீட்டிய நீளத்தையெல்லாம் கூட்டி, ‘கேர்ள்’ என்ற இன்னோர் உருவம் பூமியிலிருந்து நிலாவுக்கும் அதைத் தாண்டிக் கிரகங்களுக்கும் நீண்டுகொண்டு போகும். அவ்வளவுதான் கேம். ஈபர்ட்டின் முழக்கோலை வைத்து அளந்தால் முதலில் தேறுவது இந்தக் கோமாளிதான்.

சர்ச்சைக்கு இடமில்லாமல் நடந்தவை சில உண்டு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், மோமா, 2012 நவம்பரில் 14 கேம்களைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்ததாக அறிவித்தது. கடமாரி டமாசி அதில் ஒன்று. வெறும் வெள்ளைக் கோடுகளால் வரைந்த முயல் ஒன்று பாட்டின் தாளத்துக்குத் தடை தாண்டி நடக்கும் ‘விப்-ரிப்பன்’ இன்னொன்று. அதே ஆண்டு மார்ச்சில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 80 கேம்களை வைத்துக் கண்காட்சி நடத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள பேச்சுரிமைப் பாதுகாப்பு வீடியோ கேமுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. வாக்குவாதத்தில் இவற்றை எடுத்து வீசினால் எதிராளி வாயடைத்துப் போவார்தான். ஆனாலும் நான் வீசுவதில்லை. மோமா அந்த 14 கேம்களை எடுத்தது கட்டடக்கலை, வடிவமைப்புப் பிரிவில். நாற்காலியும் எழுத்துருவும் இருக்கும் பிரிவு அது. பொறுப்பாளர் பவோலா அன்டோனெல்லியும் கேம்கள் கலைதான் என்று சொன்ன கையோடு, தாங்கள் தேர்ந்தெடுத்தது வடிவமைப்பு என்ற கோணத்தில் என்பதையும் சொல்லிவிட்டார். நீதிமன்றமோ தரம் பார்க்கவில்லை. பாதுகாப்பு உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தது. முத்திரை விழுந்ததால் மட்டும் சரக்கு நல்ல சரக்காகிவிடாது, கேமுக்குள்ளேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

கடமாரி டமாசி 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு நாம்கோ நிறுவனம் வெளியிட்டது. டகாஹாஷி சிற்பம் படித்தவர். கல்லூரி நாட்களில் ஆடு வடிவத்தில் ஒரு பூந்தொட்டி செய்தாராம், ஊற்றிய தண்ணீர் மிஞ்சினால் மடி வழியாக வடியும். ஆளைப் புரிந்துகொள்ள இது போதும். கேமின் கதையைத் தாளில் எழுதினால் ஜுரத்தில் உளறியது மாதிரி இருக்கும். பேரண்டத்தின் ராஜா ஏதோ மப்பில் வானத்து நட்சத்திரங்களையெல்லாம் தட்டிவிட்டுவிடுகிறார். 5 சென்டிமீட்டர் உயரமுள்ள அவருடைய மகன் பூமிக்கு வந்து, ஒட்டும் பந்தில் பொருட்களைச் சேர்த்துக் கொடுத்தால், ராஜா அதையே நட்சத்திரமாக்கி வானத்தில் மாட்டுவார். கதை இவ்வளவுதான், ஆனால் கேம் கதையில் இல்லை, கையில் இருக்கிறது. கன்ட்ரோலரில் உள்ள இரண்டு குச்சிகளையும் ஒன்றாக முன்னே தள்ளினால் பந்து முன்னே உருளும். எதிரெதிராகத் தள்ளினால் இடம் வலமாகத் திரும்பும். கனமான ஒன்றின் பின்னால் நின்றுகொண்டு இரண்டு உள்ளங்கைகளாலும் தள்ளும்போது நாம் செய்வதும் இதுதான். பந்து சின்னதாக இருக்கும்போது ஒரு பென்சில் ஒட்டிக்கொண்டால், அது வெளியே துருத்திக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் பந்து ‘தடக்’ என்று எம்பி இறங்கும். நேராக உருட்டப் பழகிய கை திடீரென்று தடுமாறும். இன்னும் நாலு பொருள் ஒட்டியபின் அந்தத் துருத்தல் உள்ளே அமுங்கி, ஓட்டம் மறுபடி சீராகும். உருவம், எடை, சமநிலை ஆகிய சிற்பியின் மூன்று கவலைகளும் ஒரு பென்சிலில் வந்துவிட்டன. எந்த வசனமும் அதை விளக்கவில்லை. கட்டைவிரல் தானே தெரிந்துகொள்கிறது.

அதற்கப்புறம் அளவு மாறுவது. ஆரம்பத்தில் பூனை வந்து முட்டினால் பந்து எகிறி விழும், ஒட்டியிருந்த பொருட்கள் சிதறும். எரிச்சலாக இருக்கும். சில நிமிடம் கழித்து அதே பூனையின் மேல் உருட்டினால், அது பந்தில் ஒட்டிக்கொண்டு காலை உதறும். சற்றுமுன் சுவராக நின்ற மேசை இப்போது ஒரு பொருள், கொஞ்சம் போனால் தெரு விளக்கு, அப்புறம் வீடே. ‘நீ வளர்ந்துவிட்டாய்’ என்று யாரும் சொல்லிக்காட்டுவதில்லை. இடைஞ்சலாக இருந்தது எப்போது சாமானாக மாறியது என்று நமக்கே தெரியாது. பெரியது சின்னது என்பதெல்லாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்ற வாக்கியத்தை எத்தனையோ பேர் எழுதி வாசித்திருக்கிறேன். அது என் உடம்பில் நடந்தது இந்தக் கேமில்தான். கூடவே லேசான ஒரு பயமும் உண்டு. பந்தில் ஒட்டும் மனிதர்கள் அலறுகிறார்கள், பின்னணியில் பாட்டோ குஷியாக ஓடுகிறது. மனிதர் வாங்கிக் குவித்த சாமான்களைப் பற்றிய கிண்டல் இது என்பது என் வாசிப்பு. சிதறிக் கிடந்த அறையைக் கூட்டி அள்ளிய திருப்தி மட்டுமே என்று இன்னொருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். இரண்டுக்கும் அந்தப் பந்தில் இடமிருக்கிறது.

இப்போது வாத்து. மெல்போர்னில் ஹவுஸ் ஹவுஸ் என்ற சின்னக் குழு 2019-இல் வெளியிட்ட ‘அன்டைட்டில்ட் கூஸ் கேம்’. சாந்தமான ஒரு கிராமம், சாந்தமே இல்லாத ஒரு வாத்து. செய்ய வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள். தோட்டக்காரரின் சாவியைத் திருடு, அவரை நனைய வை, சருகு வாரியை ஏரியில் கொண்டுபோய்ப் போடு, இந்த மாதிரி. கத்துவதற்கென்றே தனியாக ஒரு பட்டன். பெரும்பாலான நேரம் அதனால் ஆகும் காரியம் ஒன்றுமில்லை. ஆனாலும் கேமைக் கையில் வாங்கிய யாரும் முதல் நிமிடத்திலேயே அதைப் பத்து தடவை அழுத்தாமல் விட்டதை நான் பார்த்ததில்லை. ஓரிடத்தில் தோட்டக்காரர் வாத்து வரக்கூடாது என்று பலகை வைத்து ஆணி அடிப்பார். சுத்தியலை ஓங்கும் அந்தக் கணத்தில் நீங்கள் கத்தினால் அவர் பதறித் தன் கட்டைவிரலிலேயே அடித்துக்கொள்வார். கொஞ்சம் முன்னால் கத்தினாலும் பின்னால் கத்தினாலும் ஒன்றும் நடக்காது. இந்த நகைச்சுவையைச் சொன்னது யார்? சினிமாவில் என்றால் நடிகர், எடிட்டர் என்று கை காட்டலாம். இங்கே மேடை போட்டது கேமைச் செய்தவர்கள், டைமிங் உங்களுடையது. நீங்கள் ஜோக் கேட்கவில்லை, அடித்திருக்கிறீர்கள். இசையும் அப்படியே. டான் கோல்டிங் என்பவர் டெபுஸியின் பியானோ இசையைத் துண்டு துண்டாக்கி வைத்திருக்கிறார். வாத்து பதுங்கும்போது இசை ஒதுங்கி நிற்கும், துரத்தல் தொடங்கினால் துண்டுகள் விரட்டிக்கொண்டு சேரும். மௌனப்பட காலத்தில் திரையைப் பார்த்தபடி பியானோ வாசித்த ஆள் உங்கள் வாத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது மாதிரி. இத்தனை உழைப்பும் ஒரு பறவை சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக. சீரியசான கேமில் இதைச் செய்திருந்தால் விருது மேடையில் தனியாகப் பேசுவோம்.

எளிதாகத் தெரிவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு என் கதை ஒன்று. ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் சுமந்துகொண்டு நெரிசலில் போகும் ஆள், அதுதான் கேம். அவன் வழுக்கி விழுவதில்தான் மொத்தச் சிரிப்பும். ஆடிப் பார்க்கச் செய்த முதல் பதிப்பில் எல்லாம் சரியாக இருந்தது. கால் பட்ட அடுத்த பிரேமிலேயே, அதாவது திரையில் மாறும் அடுத்த படத்திலேயே, விழுந்தான், தண்ணீர் சிதறியது, சத்தம் வந்தது. ஆடிப் பார்த்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முகத்தை மாற்றினோம், வாளியைப் பெரிதாக்கினோம், தண்ணீரைக் கூட்டினோம். ம்ஹூம். கடைசியில் அனிமேட்டர், “அவனுக்கே தெரியட்டும்” என்றார். கால் வழுக்கியாயிற்று, உடம்பு இன்னும் விழவில்லை. அந்த நிலையில் 8 பிரேம் அவனை நிறுத்தி, கண்ணை மட்டும் மேலே வாளிப் பக்கம் உருளவிட்டார். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் 8 பிரேம் என்பது ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த டெஸ்டிங்கில் முதல் ஆள் வாய்விட்டுச் சிரித்தார். ஆசைப்பட்டு 14 ஆக்கினோம். “போன் ஹேங் ஆவுதா?” என்று கேட்டார்கள். 8-க்கே திரும்பினோம். அப்புறம் நிர்வாகத்தில் ஒருவர், கேம் தாமதமாகப் பதில் சொல்கிறது என்று பிளேயர்கள் ஒரு ஸ்டார் போட்டுவிடுவார்கள் என்று பயந்து அந்த 8-ஐயும் எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்தோம். கேம் வெளிவந்தது, போன இடம் தெரியவில்லை. அவர் பயத்தையும் குறை சொல்ல முடியாது, அப்படிப் புகார் வருவது உண்மைதான். ஆனால் அந்த 8 பிரேமைத் தேடிய மூன்று வாரம்தான் நான் செய்த வேலையிலேயே கலைக்கு மிக அருகில் போனது என்று இன்றும் நினைக்கிறேன்.

கிறுக்கு கேம்கள் கலை என்ற பாராட்டுக்குத் தகுதியானவையா என்றால், அவற்றில் நல்லவை தகுதியானவைதான் என்று நான் தயங்காமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு கலைக்கும் சொந்தமான ஒரு மூலப்பொருள் உண்டு. சிற்பத்துக்குக் கல், இசைக்கு ஒலி. கேமுக்கு நமது செயலும் அதற்கு விதி தரும் எதிர்வினையும்தான் மூலப்பொருள். சி. தி நுயென் என்ற தத்துவப் பேராசிரியர் 2020-இல் எழுதிய நூலில் இதையே இன்னும் துல்லியமாக வாதிடுகிறார். டிசைனர் நமக்கு ஒரு நோக்கத்தையும் சில ஆற்றல்களையும் கடன் கொடுக்கிறார், கொஞ்ச நேரம் வேறொரு விதமாகச் செயல்படும் ஆளாக நம்மை மாற்றுகிறார், அதுவே அவருடைய கலை என்கிறார். கண்ணீர் வரவழைக்கும் கேமில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஆட்டம் நிற்கிறது, கட்சீன் எனும், நாம் பார்க்க மட்டுமே முடிகிற குட்டிப் படம் ஓடுகிறது, நாம் அழுகிறோம். அந்த அழுகை பொய்யில்லை, ஆனால் அது சினிமாவின் கலை, கேம் வாடகைக்கு எடுத்தது. கோமாளி கேமுக்கு அந்த ஊன்றுகோல் கிடையாது. வழுக்கி விழும் இடம் ஆடுபவரின் விரலில் நடந்தாக வேண்டும். இதைச் சொன்னால் சக டிசைனர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இதற்குச் சுத்தமான உதாரணம் 2008-இல் பென்னட் ஃபாடி பிரவுசரில் வெளியிட்ட ‘க்யூவோப்’. நூறு மீட்டர் ஓட்டக்காரர். நான்கே விசைகள், இரண்டு தொடைகளுக்கு, இரண்டு கெண்டைக்கால்களுக்கு. வேறு எதுவும் இல்லை. அழுத்தினால் ஓட்டக்காரர் மண்டியிடுகிறார், பின்னால் சாய்கிறார், ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு தவழ்கிறார். பத்து நிமிடம் சிரித்து ஓய்ந்தபின் ஒன்று உறைக்கும். பிறந்து ஒரு வயது சுமாருக்கு நாம் கற்றுக்கொண்டு மறந்தேபோன ஒரு காரியத்தை மறுபடி அ, ஆவிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம். ஃபாடி தத்துவம் படித்தவர் என்பது தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

நகைச்சுவை இரண்டாம் தரம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து ஒட்டியது என்று தெரியவில்லை, தமிழ் இலக்கணத்திலிருந்து நிச்சயமாக இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது நகை. அழுகை அதற்கு அடுத்துதான். கடைசியில் வரும் உவகை எவற்றால் பிறக்கும் என்று நான்கைச் சொல்கிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. விளையாட்டை அது பொழுதுபோக்காக ஒதுக்கவில்லை, மகிழ்ச்சியின் நான்கு ஊற்றுக்கண்களில் ஒன்றாக எண்ணுகிறது. மொழியை வைத்துச் சொக்கட்டான் ஆடியவர்களும் நம்மிடம் குறைவில்லை. ஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் பாட்டைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி வாசித்தாலும் அதே பாட்டுதான் வரும். காளமேகத்தின் சிலேடையில் ஒரே பாட்டு இரண்டு பொருளில் ஓடும். விதி ஒன்றைத் தானே போட்டுக்கொண்டு, அதற்குள் மாட்டிக்கொண்டு, வெளியே வரும் சாமர்த்தியம் அது. இதை வெறும் வித்தை என்று ஒதுக்கிய ரசிகர்களும் உண்டு, மறைக்கவில்லை. உங்கள் சந்தேகமும் அந்தப் பழைய சண்டையின் சொந்தக்காரன்தான். என்னைக் கேட்டால், விதியும் பொருளும் ஒட்டாமல் நிற்கும் சித்திரகவி வித்தை, ஒட்டிக்கொண்டுவிட்டால் கவிதை.

அந்த அளவுகோலையே கேமுக்கும் வைக்கலாம், அங்கேதான் பல கிறுக்கு கேம்கள் தோற்கின்றன. நான் செய்யும் சோதனை இது. வேஷத்தைக் கழற்றிப் பார்ப்பேன். கதாபாத்திரத்தின் தொப்பி, கோமாளி முகம், அசட்டு வசனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் சதுரமும் வட்டமுமாக வைத்து ஆடினாலும் சிரிப்பு மிஞ்சுகிறதா? கடமாரியில் மிஞ்சும். பென்சிலுக்குப் பதில் ஒரு கோடு துருத்தினாலும் அந்த எம்பல் எம்பல்தான். விப்-ரிப்பனில் கழற்றவே ஒன்றுமில்லை, ஏற்கெனவே கோடுதான். தவறு செய்தால் அந்தக் கோட்டு முயல் தவளையாகும், இன்னும் தவறினால் புழுவாகும், அதுவும் கோட்டாலேயே. கடைகளில் குவிந்து கிடக்கும் பல கேம்களில் வேஷத்தை எடுத்தால், ஏற்கெனவே ஆயிரம் தடவை ஆடிய அதே ஓட்டமும் குதிப்பும்தான் மிஞ்சும். அவற்றில் கிறுக்கு என்பது மேலே பூசிய சுண்ணாம்பு.

நடுவில் மாட்டிக்கொள்வது 2014-இல் வந்த ‘கோட் சிமுலேட்டர்’. ஆடு ஒன்று ஊருக்குள் புகுந்து எதையும் முட்டித் தள்ளலாம். கேமையே நிறுத்திவிடும் பக்குகளை, அதாவது நிரல் பிழைகளை, தவிர மற்றவற்றை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். ஆட்டின் கழுத்து ரப்பர் மாதிரி நீளும், உடம்பு சுவருக்குள் சொருகிக்கொண்டு நடுங்கும். பளபளப்பான கேம் என்பதே ஒரு பாசாங்கு, அடியில் இருப்பது இந்த நடுக்கம்தான் என்று காட்டியதாக எடுத்துக்கொண்டால் அது கூர்மையான ஒரு விமர்சனம். சோம்பேறித்தனத்தை ஜோக்காக விற்றது என்றும் சொல்லலாம். நான் முதல் அரைமணி நேரம் முதல் கட்சி, அதற்கப்புறம் இரண்டாம் கட்சி. இன்றுவரை முடிவுக்கு வரவில்லை.

இன்னும் இரண்டு இடங்களில் எனக்குத் தடுமாற்றம் உண்டு, அவற்றை மூடி மறைத்துப் பேச விருப்பமில்லை. ஒன்று, படைப்பு எது என்பது. டிஸ்கில் இருப்பதா, ஒருவர் ஆடும் அந்த ஒரு மணி நேரமா? இசைக் குறிப்பும் கச்சேரியும் மாதிரி என்று சமாளிக்கலாம், ஆனால் கச்சேரி செய்பவர் பயின்றவர். வாத்தைத் தப்புத்தப்பாக ஆட்டி, ஒரு ஜோக்கும் அடிக்கத் தெரியாமல், போரடிக்கிறது என்று வைத்துவிடுகிறவரிடம் ‘நீங்கள் ஆடியது சரியில்லை’ என்று சொல்ல முடியுமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன், முழு மனதோடு சொல்ல வரவில்லை. இன்னொன்று, சிரிப்பு சீக்கிரம் கெட்டுப்போகும் பண்டம். சோகம் மொழி தாண்டி, காலம் தாண்டிப் போவது மாதிரி ஜோக் போவதில்லை. கடமாரி இருபது வருடம் தாண்டிவிட்டது. கட்டைவிரலில் நடக்கும் நகைச்சுவைக்கு ஆயுள் கூட என்பது என் ஊகம், ஊகத்துக்கு மேல் அதற்கு மரியாதை கொடுக்காதீர்கள்.

உங்கள் நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன், கலை என்ற பட்டம் எதற்கு? ஆடிச் சந்தோஷப்பட அது தேவையே இல்லை, அவர்கள் சொல்வது சரி. பட்டம் தேவைப்படுவது பாதுகாப்பதற்கு. படச்சுருள் அழியாமல் காப்பதற்கு ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன, ஓவியத்தைப் பழுது பார்க்கத் தனிப் படிப்பே இருக்கிறது. கேம் அதை ஓடவைக்கும் கருவியோடு சேர்ந்து சாகும். சர்வரை நம்பியிருந்தால் அதற்கும் முன்பே சாகும். விப்-ரிப்பன் மொத்தமும் பிளேஸ்டேஷனின் நினைவகத்தில் ஏறிவிடும் அளவுக்குச் சின்னது. அதனால் கேம் டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு நம்மிடம் இருக்கும் பாட்டு சிடியைப் போட்டால், அந்தப் பாட்டிலிருந்தே முயலுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். நான் முதன்முதலில் அதைச் செய்தபோது பாதையில் ஒரு வளைவு வந்த இடத்தில்தான் அந்தப் பாட்டில் ஒரு மிருதங்க அடி இருப்பதையே கவனித்தேன். அந்த அனுபவம் இன்று வேண்டுமென்றால் டிஸ்க் சுழலும் பழைய கருவி வேண்டும், சிடி வேண்டும், இரண்டும் வேலை செய்ய வேண்டும். மோமா கேம்களை வாங்கியபோது முடிந்தவரை மூல நிரலையும் சேர்த்துப் பெற முயன்றது இதனால்தான். கனமான கேம்களுக்கு இந்தக் கவனம் எப்படியும் கிடைத்துவிடும். ‘சும்மா ஜாலிக்கு’ என்று பெயர் வாங்கியவைதான் முதலில் குப்பைக்குப் போகும்.

முடிந்தால் வாத்து கேமை வீடியோவில் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு மாலை நேரம் நீங்களே ஆடிப் பாருங்கள், அதுவும் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு. முதல் இடமே தோட்டம்தான். தோட்டக்காரர் பலகையும் ஆணியுமாக வரும்வரை பொறுமையாகத் தொல்லை கொடுங்கள். வந்ததும் புதருக்குப் பின்னால் ஒதுங்கி நில்லுங்கள். எல்லோரும் செய்கிற தப்பு, ஆசையில் முன்னாலேயே கத்திவிடுவது.